தேர்தல் முடியட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அந்தத் தட்டு எங்கள் சந்துக்குள் வந்தது. மகள் ஒன்றும் சாப்பிடாமல் பிரச்சாரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கூப்பிட்டு இரண்டு இட்லியாவது தின்ன வைக்கலாம் என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அதனால்தான் மணி நினைவிருக்கிறது. கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சந்து முனையில் அவளே வந்துகொண்டிருந்தாள். தட்டு அவள் கையில் இருந்தது.

பித்தளைத் தட்டு. நடுவில் புலிமேல் அமர்ந்த மாதேஸ்வரன் படம், எங்கள் பக்கத்துப் பேச்சில் மாதப்பன். அதற்கு முன்னால் மலையிலிருந்து கொண்டுவந்த திருநீறு, ஒரு கட்டு வெற்றிலை, கற்பூரம். மகளுக்குப் பக்கத்தில் மேஸ்திரி நடந்து வந்தார். கட்டட மேஸ்திரி, எங்கள் சந்தில் பாதி ஆண்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். இந்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் பிரச்சாரத்துக்குக் கையும் காலும் அவர்தான்.

"என்னங்க இது?" என்றேன்.

"எதிரணிக்காரங்க நேத்து வீட்டுக்கு ஒரு குக்கர் குடுத்துட்டுப் போயிட்டாங்கல்ல டீச்சரம்மா? நாம சாமியக் குடுக்கறோம். செலவில்லாத சாமி."

"எம் பொண்ணு கையில எதுக்கு?"

"கன்னிப்புள்ள கையில இருந்தாத்தானுங்க மாதப்பனுக்கு ஒகந்தது. எங் கையில குடுத்தா நேத்துக் குடிச்ச வாசனைக்கு அவரே எந்திரிச்சுப் போயிருவாரு."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மகள் சிரிக்கவில்லை. அவள் கண் என் முகத்தில் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் கிடைக்காமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

வீடு வீடாக நடந்தது. வீட்டுப் பெண் வாசலுக்கு வரவேண்டும். அவள் உள்ளங்கையில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரம் வைத்து மேஸ்திரி பற்றவைப்பார். கற்பூரம் அணைவதற்குள் அவள் படத்தைப் பார்த்து, "மாதப்பன் சாட்சியா என் ஓட்டு அக்காவுக்கு" என்று சொல்ல வேண்டும். பிறகு என் மகள் அவள் நெற்றியில் திருநீறு இடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது யார் மாட்டேன் என்று சொல்வது?

அக்கா என்பது எங்கள் வேட்பாளர். கன்னடக்காரர். எங்கள் லேஅவுட்டின் அங்கன்வாடியில் பல வருடம் வேலை பார்த்தவர். சந்துப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே தமிழ் கற்றுக்கொண்டவர். கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளிப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட நகரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்ட எங்கள் யாருக்கும் வீட்டு உரிமைப் பத்திரம் கிடையாது. அந்த ஹக்குபத்ராவைத் தருகிறோம் என்று சொல்லாத கட்சி இல்லை, தந்த கட்சியும் இல்லை. இப்போது சாலையை அகலப்படுத்தப் போவதாக நோட்டீஸ் வேறு. சந்தின் இடது வரிசை முழுவதும் போய்விடும். எங்கள் வீடும் இடது வரிசைதான்.

அக்கா சுயேச்சையாக நின்றார். பணம் தரமாட்டேன், சேலை தரமாட்டேன், சாராயம் வாங்கித் தரமாட்டேன், ஜெயித்தால் முதல் கூட்டத்திலேயே அந்த நோட்டீஸைப் பற்றிப் பேசுவேன் என்றார். பெரிய கட்சிக்காரர்கள் எங்களுக்கு வெறுங்கைக் கட்சி என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டு, வெறுங்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓட்டுக் கேட்டோம். என் வாழ்நாளில் நான் நம்பி இறங்கிய ஒரே தேர்தல் அது. பள்ளி முடிந்து வந்து, கணக்கு நோட்டு திருத்துவதைத் தள்ளிவைத்துவிட்டு, வெயிலில் துண்டறிக்கை கொடுத்தேன். என் கணவர் ஆலை ஷிப்டுக்குப் போகுமுன் கேலி செய்வார். அன்று தட்டைப் பார்த்துவிட்டு, "வெறுங்கைக் கட்சிக்கு ஒரு கை கெடச்சிருச்சு போல. சாமி கை" என்றார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு சின்ன நாடகம். இந்தச் சனத்துக்கு அப்படியில்லை. ஹனூர்ப் பக்கம் கடன் தகராறு, எல்லைத் தகராறு, மாமியார் மருமகள் தகராறு எதுவானாலும் கடைசியில் போய் நிற்பது மாதப்பன் ஆணையில்தான். போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்வார்கள், தாசில்தாரிடம் பொய் சொல்வார்கள், அந்தப் படத்தின் முன்னால் சொல்லமாட்டார்கள். சொன்ன சத்தியம் தவறினால் அது சொன்னவர் மேல் விழாது, அவர் வீட்டில் யார் சின்னதோ அவர்மேல்தான் விழும் என்பார்கள். மேஸ்திரிக்கு இது தெரியும். தெரிந்ததனால்தான் தட்டைக் கொண்டுவந்தார். குக்கரை வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போடலாம். இதை மாற்றிப் போட முடியாது.

முதல் நாள் குக்கரைப் பற்றி எங்கள் வாட்ஸாப் குழுவில் நான் நீளமாக எழுதியிருந்தேன். ஏழைகளின் வறுமையை விலைக்கு வாங்குகிறார்கள் என்றெல்லாம். நிறைய பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். ஞாயிறு மதியம் அதே குழுவைத் திறந்தேன். குக்கர் வறுமையை வாங்குகிறது, தட்டு பயத்தை வாங்குகிறது என்று ஒரு வரி மனதுக்குள் ஓடியது. அதை எழுதவில்லை. அந்தக் குழுவில் எழுதுவது சாயங்காலத்துக்குள் எதிரணிக்குப் போய்விடும். ஓட்டுப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது வெறுங்கைக் கட்சியின் டீச்சரே சொல்லிவிட்டாள் என்று ஊரெங்கும் போடுவார்கள். சாமி பயம் காட்டி ஓட்டுக் கேட்பது தேர்தல் குற்றம். தட்டைப் பிடித்திருந்தது யார் என்று கேட்பார்கள். சந்தில் பலரும் கைப்பேசியில் படம் எடுத்திருந்தார்கள். எல்லாப் படத்திலும் என் மகள் இருந்தாள்.

பட்டப்படிப்பின் கடைசி வருடம் அவளுக்கு.

திங்கட்கிழமை மாலை நான்காம் வீட்டுப் பெண் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் இரண்டு தங்கவில்லை, இதுதான் நிற்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே எங்கள் வீட்டுப் படியில் தினம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போவாள். அன்று படியில் உட்காராமல் உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினாள்.

"டீச்சரம்மா, ரெண்டு பக்கமும் அவரே நிக்கறாருங்க."

எனக்குப் புரியவில்லை. சொன்னாள். அவள் கணவன் சென்ட்ரிங் வேலை. வேலை கொடுக்கும் கான்டிராக்டர், எதிரணி வேட்பாளரின் மச்சான். சனிக்கிழமை குக்கர் கொடுக்க வந்தவர்கள் எல்லா வீட்டிலும் குக்கரை மட்டும் கொடுத்தார்கள். தங்களிடம் வேலை செய்பவர்களின் வீட்டில் மட்டும் மாதப்பன் படத்தையும் எடுத்துக் காட்டினார்கள். "எங்க வூட்டுக்காரரு என் வயித்து மேல கைய வச்சு, எங்க வூட்டு ஓட்டு அத்தனையும் உங்களுக்குத்தானுங்க சாமின்னுட்டாரு. நான் அடுப்படில நின்னுட்டிருந்தேன். என்னக் கேக்கவே இல்ல."

"அப்ப நேத்து நீ ஏன் சத்தியம் பண்ணுனே?"

"எல்லாரும் பாத்துட்டு நின்னாங்கல்ல? நான் பின்னால போனா என்னன்னு நெனப்பாங்க? அதும் போக, எனக்கும் அக்காதான் ஜெயிக்கோணும். வயித்துல இருக்கறதுக்கு ஒரு வூடு வேணுமில்லீங்க." அவள் கையை விரித்துக் காட்டினாள். வெற்றிலையையும் தாண்டிச் சுட்டு உள்ளங்கையில் சிவப்பாய் ஒரு வட்டம். கற்பூரம் அணையும்வரை அசையாமல் பிடித்திருக்கிறாள்.

நான் படித்தவர்கள் சொல்வதையெல்லாம் சொன்னேன். கட்டாயப்படுத்தி வாங்கியது சத்தியமே அல்ல என்றேன். கணவன் மனைவிக்காகச் சத்தியம் செய்ய முடியாது என்றேன். ஓட்டே போடாமல் இருந்துவிடு என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"போடலீன்னா ரெண்டுமே தவறுதுங்களே. ஒண்ணு கழண்டாத்தான் நான் பொழைப்பேன். அவுங்ககிட்டக் கேட்டா இவரு வேலை போயிரும். நம்மகிட்டத்தான் கேக்க முடியும். அக்கா எங்க சந்துல வந்து நின்னு, சத்தியம் பண்ணுனவங்கள விட்டுட்டேன், இஷ்டப்பட்டவங்களுக்குப் போடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"தனியா உங்கிட்ட வந்து சொல்லச் சொல்றேனே."

"ஊரறிய வாங்குனத ஊரறியத்தானுங்க விடோணும். ரகசியமா விட்டா அது எப்படிங்க வுட்டதாகும்?"

அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அன்றே அக்காவைப் பார்க்கப் போனேன். பூட்டிக் கிடந்த ஒரு தையல் கடையை வாடகைக்குப் பிடித்து அலுவலகம் ஆக்கியிருந்தோம். அக்கா காலைத் தொட்டி நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்து நடந்து பாதம் வெடித்திருந்தது. தட்டு விஷயம் மத்தியானம்தான் தனக்குத் தெரிந்தது என்றார். "நான் பண்ணச் சொல்லல டீச்சர்." குனிந்து பாதத்தைத் தேய்த்தார். "நிறுத்தவும் சொல்லல."

நான்காம் வீட்டுப் பெண் கேட்டதைச் சொன்னேன். அவருக்கு அவளைத் தெரியும். கர்ப்பிணிப் பட்டியலில் பெயர் எழுதி முட்டையும் மாவும் கொடுத்தவரே அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை. பிறகு தலையை ஆட்டினார்.

"ஈக பேட டீச்சர். இப்ப வேண்டாம். மைக்கில சத்தியத்த விட்டுட்டேன்னு சொன்னா, சத்தியம் வாங்கினேன்னு நானே ஒப்புக்கிட்ட மாதிரி ஆகல்வா? நாளைக்கே கம்ப்ளைன்ட். அதுமட்டுமா? அவ ஒருத்திய விட்டா எல்லாரையும் விட்டதுதான். குக்கர் வாங்கினவங்க பூரா அந்தப் பக்கம் போயிடுவாங்க. அப்புறம் ஜேசிபி வந்தா அவ வீடும் போகும், உங்க வீடும் போகும். எலெக்ஷன் முடியட்டும். நானே வந்து சொல்றேன்."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. திரும்பி வரும் வழியில் அவருக்காக நான் மேலும் சில நியாயங்களை யோசித்துக்கொண்டு வந்தேன். எதிரணியைக் குறை சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. நம்முடைய ஆட்களைக் குறை சொல்வதென்றால், வாய் திறக்கும்போதே பின்னால் யாரோ சேலையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது. யாரும் இழுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நம் வீடு தெரிகிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மகள் பிரச்சார ஆட்டோவில் ஏறப் போனாள். அவளுக்கும் நான்காம் வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "மைக்க நான் வாங்கிக்கறேன். ரெண்டு நிமிஷம் போதும். தட்டு பிடிச்சது நான்தானே, நானே விட்டுட்டேன்னு சொல்றேன்" என்றாள்.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"சும்மா இரும்மா, வழி விடு."

"உன்மேல கேஸ் போட்டா என்னடி பண்ணுவே? படிப்பு என்ன ஆகும்? நாளைக்கு ஒரு வேலைக்குப் போனா போலீஸ் வெரிஃபிகேஷன் வருமே."

"நீ யாருக்காகப் பயப்படறே? எனக்காகவா, அக்காவுக்காகவா?"

"ரெண்டு பேருக்காகவும்தான்."

"அவளுக்காக?" நான்காம் வீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

பயம் வந்துவிட்டால் எனக்கு வார்த்தை நிதானத்தில் இருக்காது. அவள் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்தேன். ஓட்டு எண்ணிக்கை முடியும்வரை வெளியில் எதுவும் பேசமாட்டேன் என்று என் தலைமேல் சத்தியம் செய் என்றேன். அவள் கையை இழுக்கவில்லை. நான் அழுத்திப் பிடித்திருந்தேன், இழுத்தாலும் வந்திருக்காது.

"இப்ப நீயும் தட்ட எடுத்துட்டியாம்மா" என்றாள்.

பிறகு சொன்னாள். நான் கேட்ட வார்த்தைகளை அப்படியே சொன்னாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அவள் இல்லாமலே கிளம்பிப் போனது. ஒலிபெருக்கியில் வெறுங்கைப் பாட்டு சந்து முழுக்கக் கேட்டது.

வாக்குப்பதிவு அன்று நான்காம் வீட்டுப் பெண் கணவனுடன் வந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டுப் பெண் போலீஸ் அவளை வரிசைக்கு முன்னால் அனுப்பினார். உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. அது என் பதற்றமாகவும் இருக்கலாம். விரலில் மையோடு வெளியே வந்தவள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் பந்தல் போட்டிருந்தவர்களையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து நடந்து போனாள்.

அக்கா ஜெயித்தார். எங்கள் சந்தின் மொத்த ஓட்டைவிடக் குறைவான வித்தியாசம். தட்டு வராமல் இருந்திருந்தால் தோற்றிருப்போம் என்று யார் வேண்டுமானாலும் சொல்ல முடியும், எல்லோரும் சொன்னார்கள். மேஸ்திரி அந்தத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெடிச் சத்தத்துக்கு நடுவே ஆடினார். "டீச்சரம்மா, பாத்தீங்களா செலவில்லாத சாமிய!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான். வீடு போகாது என்ற நினைப்பில் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள், உள்ளே சால்வைகள், மைசூர்பாக் டப்பாக்கள். கழுத்தில் மாலை உரசிய தழும்போடு என்னைக் கட்டிக்கொண்டார். காதோடு கேட்டேன். தேர்தல் முடிந்துவிட்டதே, சந்துக்கு வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாமா?

"ஈக பேட டீச்சர்." இந்த முறை அவர் அழவில்லை. "தோத்தவன் கோர்ட்டுக்குப் போகப் பாக்கறான். கேஸ் போடற கெடு தாண்டட்டும். ஓட்டுப் போட்டு முடிஞ்சாச்சு, இன்னும் என்ன சத்தியம்? அவளும் மறந்திருப்பா."

மறந்திருப்பாள் என்பதை நான் பிடித்துக்கொண்டேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் மறக்கவில்லை. அந்த வாரம் மகளிடம் வந்து சொல்லியிருக்கிறாள். ஓட்டை அக்காவுக்குத்தான் போட்டாளாம். கணவன் வயிற்றில் கை வைத்துச் செய்த சத்தியம் அதனால் தவறிவிட்டது. அது அவளால் தவறியது. கௌதள்ளியில் அவள் தாய் வீடு. அங்கே போய், அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே ஏறி, தப்புக் காணிக்கை செலுத்தி, வயிற்றில் இருப்பதன்மேல் விழாமல் கேட்டுக்கொள்ளப் போகிறாள்.

"பஸ் மலை உச்சிவரைக்கும் போகுது, நான் கூட வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்" என்றாள் மகள். "பஸ்ல போனா அது காணிக்கையா அம்மிணின்னு சிரிக்கறா. அம்மா, எண்ணிக்கை முடிஞ்சிருச்சு. உன் தலைமேல பண்ணினதும் முடிஞ்சிருச்சு. இப்பவாவது, எந்தப் பக்கத்துச் சத்தியமும் யாரையும் கட்டாதுன்னு அக்கா வந்து சொல்லக் கூடாதா?"

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். மேஸ்திரி எடுத்தார். அக்கா மாநகராட்சியில் பதவியேற்கப் போயிருக்கிறார், சாயங்காலம் பேசச் சொல்கிறேன் என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அட விடுங்க டீச்சரம்மா, நம்மூரு பொம்பளைங்க மலை ஏறாதவங்களா? எங்காத்தா என்னய வயித்துல வச்சுக்கிட்டே ஏறுனவ" என்றார்.

பிறகு வீட்டைவிட்டுச் சந்தில் இறங்கினேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நானே சொல்லிவிடலாம். தட்டு வந்ததும், சத்தியம் வாங்கியதும் தப்பு, இதை ஏற்பாடு செய்தது நம்முடைய ஆட்கள், யார் சத்தியமும் யாரையும் கட்டாது. வந்ததே அதைச் சொல்லத்தான். குழாயடியில் புதிதாய் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அக்கா இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நம்ம வூட்டு மேல இனி கை வைக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன். என் வார்த்தை செல்லாது, அக்கா வாயால் வந்தால்தான் செல்லும், சாயங்காலம் அவரோடு வந்து சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். நான்காம் வீடு பூட்டியிருந்தது. காலை பஸ்ஸுக்கே அவள் கிளம்பிவிட்டிருந்தாள்.

மறுநாள் மதியம் பள்ளியில் இருக்கும்போது செய்தி வந்தது. கௌதள்ளி தாண்டிக் காட்டுப் பாதையில் நடக்கும்போது ரத்தப்போக்கு ஆரம்பித்திருக்கிறது. வழியில் வந்த தக்காளி வண்டிக்காரர் கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

அன்று வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அக்கா முதல் கூட்டத்திலேயே சொன்னபடி பேசினார். சாலை நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அளவெடுக்க வந்தவர்கள் பாதியில் போய்விட்டார்கள். எங்கள் சுவரில் அவர்கள் போட்ட சிவப்புக் குறிக்கு மேல் கணவர் சுண்ணாம்பு அடித்துவிட்டார். தேர்தலில் இதற்கு முன் நாங்கள் யாரிடமும் பெற்றிராத ஒன்று இது. இன்னொரு முறை தேர்தல் வந்தாலும் அக்காவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். நான்காம் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் போட வேண்டும், ஆனாலும் போடுவேன். வேறு யார் இருக்கிறார்கள்?

கெடுவும் தாண்டிவிட்டது. அக்கா சந்துக்கு வந்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் இப்போது கேட்பதில்லை. யாருக்காகச் சொல்வது? நான்காம் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் சந்தில் எல்லோரும் சத்தியம் தவறியதன் பலன் என்றே பேசுகிறார்கள். அடுத்த தேர்தலில் தட்டுக்கு இன்னும் மதிப்பு கூடும். மேஸ்திரிகூட அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது. இதைக்கூட நான் ஊர்ப் பெயர் தவிர வேறு யார் பெயரும் போடாமல்தான் எழுதுகிறேன்.

மகள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டில் நாங்கள் தமிழில்தான் பேசுவோம். வெளியில் அவளுக்குக் கன்னடம் சரளம், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் தமிழ். இப்போது நான் தமிழில் கேட்டால் அவள் கன்னடத்தில் பதில் சொல்கிறாள். சாப்பிட்டியா என்றால் "ஆய்த்து", ஆயிற்று. எங்கே போறே என்றால் "பர்த்தினி", வருகிறேன் என்று மட்டும். கடைக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பேசுகிற அதே மரியாதையான குரல். அவள் வெளியே போனால் அவள் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று ஒரு பயம். சாமி மேல் எனக்கு அப்படிப்பட்ட நம்பிக்கை கிடையாது. ஆனால் திருநீறு இட்டது அவள் கை என்பது திடீர் திடீரென நினைவுக்கு வருகிறது. அப்போது நான் கணக்கு டீச்சரும் இல்லை, படித்தவளும் இல்லை.

போன வாரம் ஒரு பிற்பகல் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நான்காம் வீட்டுப் பெண். தாய் வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் வந்து திட்டுவாள் என்று அத்தனை நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்வது, பதில் பேசக் கூடாது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் படியில் உட்காரவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று நின்றது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். மகள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

"மலைக்கு அப்புறமாப் போயிட்டுத்தான் வந்தேனுங்க. எங்கம்மா பஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. இனி நடந்து என்ன ஆகப் போகுது?" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள்.

"நீங்க கெடந்து மருகறீங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அதான் நேராச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." மகளைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னை. "குக்கர் குடுத்தவங்ககிட்ட எங்க வூட்டுக்காரரு பண்ணுன சத்தியந்தானுங்க தவறுச்சு. அதுக்குத்தான் குடுக்க வேண்டியதாப் போச்சு. உங்க புள்ள கையில பண்ணுனத நான் காப்பாத்திட்டேன். அம்மிணிக்கு ஒண்ணும் ஆகாதுங்க, டீச்சரம்மா. பயப்படாம இருங்க."